ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதத்தை எங்கள் குடியிருப்பில் எப்படிக் கொண்டாடலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: அமெரிக்கா வந்து ஒரு வருடம் ஆகிறது, குடியிருப்புச் சங்கத்தில் ஹிஸ்பானிக் மக்களை, அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளை வேராகக் கொண்டவர்களை, கௌரவிக்கும் இந்த மாதத்தைக் கொண்டாடும் பொறுப்பை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள், ஒரு டாக்கோ (சோள ரொட்டியில் கறியோ பீன்ஸோ வைத்து மடித்த மெக்சிகோ சாப்பாடு) வண்டியும் ஒரு நடனமும் தவிர வேறு என்ன வைப்பது என்று தெரியவில்லை. நான் டெக்சாஸில் சான் அன்டோனியோவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

முதலில் தேதியைச் சரியாகப் பிடியுங்கள். செப்டம்பர் 15-ல் தொடங்கி அக்டோபர் 15-ல் முடிகிறது. மாதத்தின் நடுவில் தொடங்கக் காரணம் இருக்கிறது. குவாத்தமாலா, எல் சல்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டாரிகா ஐந்தும் ஸ்பெயினிடமிருந்து விடுதலை அறிவித்தது 1821 செப்டம்பர் 15 அன்று. மறுநாள் மெக்சிகோவின் சுதந்திர தினம், 18-ம் தேதி சிலியின் தேசிய தினம். 1968-ல் ஒரு வாரமாக ஆரம்பித்து 1988-ல் மாதமானது. மே 5-ஐ மெக்சிகோ சுதந்திர தினம் என்று பலர் நினைக்கிறார்கள், அது 1862-ல் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள். பேனரில் தப்பாகப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியம். ஹிஸ்பானிக் மக்களை எல்லாம் சமீபத்தில் எல்லை தாண்டி வந்தவர்கள் என்ற எண்ணத்தோடு நிகழ்ச்சி வைக்காதீர்கள். எங்கள் ஊரில் பாதிக்கும் மேல் ஹிஸ்பானிக் மக்கள்தான், அதில் பல குடும்பங்கள் எங்கிருந்தும் வரவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தார்கள், நாடுதான் அவர்கள் காலடியில் மாறியது. ஸ்பெயினின் கீழ் இருந்த டெக்சாஸ் மெக்சிகோவுக்குப் போய், 1836-ல் தனி நாடாகி, 1845-ல் அமெரிக்காவோடு சேர்ந்தது. ஊரின் தொடக்கம் 1718.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவள். வந்த புதிதில் ஊருக்குத் தெற்கே எஸ்பாதா மிஷன் (ஸ்பானியப் பாதிரியார்கள் மதம் பரப்ப அமைத்த தேவாலயக் குடியிருப்பு) பக்கம் போனபோது, ஓர் ஓடையின் மேலே கல் வளைவுகள் கட்டி அதன் தலையில் வாய்க்கால் போவதைப் பார்த்து நின்றுவிட்டேன். 1700-களில் கட்டியது, இன்றும் தண்ணீர் ஓடுகிறது. அசேக்கியா என்கிறார்கள். ஆற்றில் சின்ன அணை போட்டு, சரிவை மட்டும் நம்பி, வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். அந்தப் பாசன நிலத் துண்டுக்கு 'சுவெர்த்தே' என்று பெயர், அந்தச் சொல்லுக்கு அதிர்ஷ்டம் என்றும் பொருள், ஏனென்றால் சீட்டுப் போட்டுத்தான் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். இதையெல்லாம் ஸ்பானியப் பாதிரியார்கள் கட்டினார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மண்ணை வெட்டிக் கல்லைச் சுமந்தவர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகள், அவர்களுடைய வம்சத்தினர் இன்னும் இதே ஊரில் இருக்கிறார்கள். அந்த மிஷன்களை 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

உங்கள் நிகழ்ச்சியில் ஒரே ஒருவரைப் பற்றிப் பேச நேரம் கிடைத்தால், எம்மா தெனயூகாவைப் பற்றிப் பேசுங்கள். 1930-களில் எங்கள் ஊரின் மேற்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் பீக்கன் கொட்டையைக் கையால் உடைத்துப் பருப்பெடுக்கும் வேலை பார்த்தார்கள். காற்றே வராத அறை, நெருக்கியடித்து உட்கார்ந்து, ஓட்டுத் தூசியை நாள் முழுக்கச் சுவாசித்துக்கொண்டு. காசநோய் அந்தப் பகுதியில் சர்வ சாதாரணம். ஒரு பவுண்டுக்கு ஆறு, ஏழு சென்ட் கொடுத்துவந்த கூலியில் ஒரு சென்ட் குறைத்தார்கள். 1938 ஜனவரி 31 அன்று வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள், மொத்தம் பன்னிரண்டாயிரம் பேர் அளவில் சேர்ந்தார்கள். முன்னால் நின்றவர் எம்மா, வயது 21. போலீஸ் கண்ணீர்ப்புகை அடித்தது, நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்து அடைத்தது. ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, கூலியை ஏற்ற வைத்தார்கள்.

இதோடு நிறுத்திவிட்டால் நல்ல கதை, ஆனால் முழுக் கதை இல்லை. அதே ஆண்டு கடைசியில் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது, முதலாளிகள் இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள், ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. எம்மா கம்யூனிஸ்ட் என்பதால் 1939-ல் அவர் கலந்துகொண்ட கூட்டத்தை ஒரு பெரிய கும்பல் தாக்கியது. பிறகு ஊரில் அவருக்கு யாரும் வேலை தரவில்லை, கலிஃபோர்னியா போனார், படித்தார், பல வருடம் கழித்துத் திரும்பி வந்து இங்கேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1999-ல் இறந்தார். இதைக் கேட்ட பிறகு கடையில் ஒரு பீக்கன் பொட்டலத்தைக் கையில் எடுக்கும்போது எனக்கு அந்தத் தூசி ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

சரி, சாப்பாடு. சாப்பாடே வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, தாராளமாக வையுங்கள், ஆனால் அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, என்னை 'மிஹா' என்பார், நம் ஊரில் 'கண்ணு' என்பது மாதிரி. ஒவ்வொரு டிசம்பரும் அவர் வீட்டில் தமாலே (சோள மாவில் பூரணம் வைத்துத் தோகையில் மடித்து அவிக்கும் பண்டம்) போட மூன்று தலைமுறைப் பெண்கள் உட்காருவார்கள், நானும் போவேன். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போட்டு அரைத்த மாவு அது. அந்தச் சுண்ணாம்பு சும்மா இல்லை, சோளத்தில் உடம்புக்குச் சேராமல் கிடக்கும் நியாசின் சத்தை விடுவிப்பது அதுதான். ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள், சோளமே சோறாக இருந்த ஏழைகளுக்கு நியாசின் குறைவால் பெலாக்ரா நோய் வந்து கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள்.

மாவு பதம் வந்ததா என்று பார்க்க ஒரு துளியைத் தண்ணீரில் போடுவார், மிதந்தால் சரி. நம் உளுந்து வடை மாவுக்குப் பார்ப்போமே, அதே சோதனை. முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏன் என்று அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க நேரமானது. ஊறவைத்த சோளத் தோகையின் வழவழப்பான பக்கத்தில் கரண்டி முதுகால் மாவைத் தடவி, நடுவில் இறைச்சியோ பீன்ஸோ வைத்து மடித்து (எனக்காகப் பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்க்காமல் தனியாக ஒரு டஜன் செய்வார்) பானையில் நிற்கவைத்து ஆவியில் வேகவைப்பார்கள். பானை அடியில் ஒரு காசு போடுவார். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது கடகடவென்று ஆடும், சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம்.

அப்படி ஒரு நாள்தான் அவர் சொன்னார், சின்ன வயதில் பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் அடிப்பார்களாம். டெக்சாஸ் முழுக்க அந்தத் தலைமுறைக்கு இது நடந்திருக்கிறது. அதனால் தன் பிள்ளைகளிடம் வேண்டுமென்றே ஆங்கிலம் மட்டும் பேசி வளர்த்தார், இப்போது பேத்தி கல்லூரியில் காசு கட்டி ஸ்பானிஷ் படிக்கிறாள். பேரன் பேத்திகளுக்குப் பேச வரவில்லை என்று யாராவது கிண்டல் செய்தால் எனக்குக் கோபம் வரும்.

ஆகவே, டாக்கோ வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் குடியிருப்பில் எந்தெந்த நாட்டுக் குடும்பங்கள் இருக்கின்றன என்று ஒருமுறை கதவைத் தட்டிக் கேளுங்கள். எல்லோரும் மெக்சிகோ இல்லை, கியூபா இருக்கலாம், போர்ட்டோ ரிக்கோ இருக்கலாம், அவர்களிடம் டாக்கோவை நீட்டினால் நம்மிடம் நான் ரொட்டியும் பன்னீர் பட்டர் மசாலாவும்தானே உங்கள் ஊர்ச் சாப்பாடு என்று கேட்பது மாதிரி. வயதானவர் ஒருவரையாவது மைக் முன்னால் உட்காரவையுங்கள், பேத்தியோ பேரனோ கேள்வி கேட்கட்டும், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கேட்கட்டும். சமைத்துக் காட்டும் பெண்களுக்கு நன்றி சொல்வதோடு நிறுத்தாமல் சங்கப் பணத்திலிருந்து கூலியும் கொடுங்கள்.