எங்கே விட்டாலும் ஒட்டிக்கொள்ளும் பிள்ளை

அன்புள்ள சகோதரிக்கு,

போன சனிக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு அல்சூரில் என் ஆலோசனை அறைக்கு வந்தீர்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் சொல்ல முடியாமல் போனதையெல்லாம் இப்போது கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். ராணுவத்தில் இருக்கும் உங்கள் கணவருக்கு மாற்றல் வர வர செகந்திராபாத், ஜோர்ஹாட், ஜோத்பூர், பதான்கோட், இப்போது பெங்களூரு. ஐந்தாவது பள்ளி. “எங்கே கொண்டுபோய் விட்டாலும் பத்து நாளில் ஒட்டிக்கொள்வாள் மேடம். இந்த முறைதான் வாயே திறப்பதில்லை. ஆரணியில் பாட்டி வீட்டில் விட்டுவிடு என்கிறாள்” என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த ‘ஒட்டிக்கொள்வாள்’ என்ற சொல்லில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது. ஏழு வயதில் அது பாராட்டு. பதினாறு வயதில் அதுவே பாரம். ‘எனக்கு முடியவில்லை’ என்று சொன்னால் இத்தனை வருடம் வீட்டில் எடுத்த நல்ல பெயர் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் பேசாமல் இருக்கிறாள். எனக்கும் இது தெரிந்த கதைதான். என் அப்பா ராணுவப் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். இந்த ஊர்க்காரர்கள் ‘தம்பி’ என்று கூப்பிடும் அதே பட்டாளம். நான் பத்தாம் வகுப்பில் புதுப் பள்ளிக்கு வந்தபோது மூன்று மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தை நூலகத்தில் கழித்தேன். வீட்டில் கேட்டவர்களிடம் ‘நிறைய தோழிகள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வெளியே போன பத்து நிமிடத்தில் அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். வகுப்பில் பக்கத்தில் உட்காருபவள் பெயர் என்ன? “கண்ணாடி போட்ட பெண்” என்றாள். சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. பெயர் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லையே என்றேன். “இன்னும் இரண்டு வருடம்தானே மேடம்” என்றாள். ஆனால் பதான்கோட்டில் விட்டுவந்த தோழியின் வீட்டு நாய்க்கு எத்தனை குட்டி என்பது வரை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பழகத் தெரியாத பெண் இல்லை அவள். பழகிப் பிரிந்து களைத்துப்போனவள்.

புதுப் பள்ளியில் புத்தகமும் பாடத்திட்டமும் அதேதானே, பிறகு என்ன சிரமம் என்று உங்கள் கணவர் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளே இந்தக் கவலையிலிருந்து பிறந்தவை. 1963இல் ராணுவத்தினர் அதிகம் இருந்த ஊர்களில் 20 ரெஜிமென்ட் பள்ளிகளை எடுத்துத்தான் அந்த அமைப்பைத் தொடங்கினார்கள். அப்பாவுக்கு எங்கே மாற்றல் வந்தாலும் பிள்ளையின் பாடம் அறுந்துபோகக் கூடாது என்பதுதான் நோக்கம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடுவதால், ராணுவப் பிள்ளைகள் பள்ளி மாறுவதற்கென்றே 50 மாநிலங்களும் தனி ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. நமக்கு அந்த வேலையை இந்தப் பள்ளிகளும் சிபிஎஸ்இயும் பெருமளவு செய்துவிடுகின்றன. ஆனால் பதான்கோட்டிலும் பெங்களூருவிலும் பாடப்புத்தகம்தான் ஒன்று. சாப்பாட்டு நேரத்தில் யார் பக்கத்தில் உட்காருவது என்பதற்கு எந்தச் சுற்றறிக்கையும் இல்லை.

உங்கள் கணவரிடம் இப்படிக் கேட்டுப்பாருங்கள். புது யூனிட்டுக்குப் போனால் முதல் நாளே அவருக்கு ஒரு ‘பட்டி’யைக் கொடுப்பார்கள் அல்லவா? (ஆட்டுப்பட்டி இல்லை, ஜோடிச் சிப்பாய்.) கூடவே சாப்பிட்டு, கூடவே காவல் நின்று, எங்கே தண்ணீர் வரும், எந்த சுபேதார் கோபக்காரர் என்று சொல்லித்தர ஓர் ஆள். இருபது வருடம் சேவை செய்தவரையே தனியாக விடுவதில்லை. பதினாறு வயதுப் பெண்ணை மட்டும் ‘போய் ஒட்டிக்கொள்’ என்று வகுப்பு வாசலில் விட்டுவிட்டு வருகிறோம்.

அதனால் முதலில் வகுப்பாசிரியரைப் பாருங்கள். ‘என் மகள் சோர்ந்திருக்கிறாள், கவனித்துக்கொள்ளுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் அவரும் பொதுவாகத் தலையாட்டுவார். ஒரே ஓர் உதவியைத் திட்டமாகக் கேளுங்கள்: ஆய்வகத்தில் ஜோடி பிரிக்கும்போது, போன வருடமோ இந்த வருடமோ புதிதாக வந்து சேர்ந்த வேறொரு மாணவியோடு இவளைச் சேர்த்துவிடச் சொல்லுங்கள். வகுப்பில் முதலாவதாக வருபவள் வேண்டாம், எல்லோரிடமும் சிரித்துப் பேசுபவளும் வேண்டாம். வழி தெரியாமல் நின்ற அனுபவம் சமீபத்தில் உள்ளவள்தான் வேண்டும். சிவாஜி, தாகூர், அசோகா, ராமன் என்று ஹவுஸ் பிரித்திருப்பார்களே, பழைய பள்ளியில் எந்த ஹவுஸோ அதையே இங்கும் கேட்டு வாங்க முடியுமா என்றும் பாருங்கள். சின்ன விஷயம்தான். ஹவுஸின் நிறம் மாறாமல் இருப்பது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிது என்பது மாறிப்பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றையும் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று மேடையில் ‘ராணுவ வீரரின் மகள்’ என்று இவளை எழுப்பி நிறுத்திக் கைதட்டச் சொன்னார்களாம். நல்லெண்ணம்தான், சந்தேகமில்லை. ஆனால் அப்பா எல்லையில் இருக்கும்போது, இரண்டு நாளாக போன் வராதபோது, நானூறு பேர் நம்மைப் பார்த்துக் கைதட்டுவது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அவளைக் கேட்காமல் இனி எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ‘நீயும் ராணுவத்துக்குத்தான் போவாயா?’ என்ற கேள்வியும் அப்படித்தான். 2021இல் உச்ச நீதிமன்றம் தேசியப் பாதுகாப்பு அகாதமியின் கதவைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது. முதல் பெண்கள் அணி 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தது. கதவு திறந்திருக்கிறது என்பதற்காக எல்லோரும் நுழைய வேண்டும் என்றில்லை. அவள் கட்டடக்கலை என்று முணுமுணுத்தாள். உங்களிடம் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

படிப்பு. வேதியியலில் மதிப்பெண் சரிந்ததற்கு மனச்சோர்வுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், காரணம் அதைவிட எளிது. பதான்கோட்டில் மோல் கணக்கைத் தொடங்குவதற்குள் கிளம்பிவிட்டாள். இங்கே வந்து சேர்ந்தபோது அந்தப் பாடத்தை முடித்து அணு அமைப்புக்குப் போய்விட்டார்கள். பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் மோல் கணக்கு விடுபட்டால் பின்னால் வரும் வெப்ப இயக்கவியல், சமநிலை எல்லாமே காலில்லாத நாற்காலிதான். இயற்பியலில் வெக்டரும், கணிதத்தில் முக்கோணவியலும் இதே போல் இடைவெளியில் விழுந்திருக்கின்றன. மூன்று பாடத்துக்கும் பொருளடக்கப் பக்கத்தை எதிரே வைத்து, அங்கே நடந்தது எது, இங்கே நடந்தது எது, இரண்டு இடத்திலும் நடக்காமல் போனது எது என்று அவளையே குறிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது வகைக்கு மட்டும் ஒரு மாதம் டியூஷன் போதும். இரண்டு வருடக் கோச்சிங் வேண்டாம்.

பள்ளி அலுவலகத்தில் இந்த வாரமே ஒன்றைச் சரிபாருங்கள். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருந்தாள், குறியீடு 083. இங்கே சேர்க்கைப் படிவத்தில் இன்பர்மேட்டிக்ஸ் பிராக்டிசஸ், 065 என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. பதினொன்றாம் வகுப்புப் பதிவு வாரியத்துக்குப் போகும் முன் திருத்தினால் ஒரு விண்ணப்பத்தோடு முடியும். பன்னிரண்டாம் வகுப்பில் போய்த் திருத்த நினைத்தால் வாரியத்தின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும்.

மொழிதான் இந்த ஊரில் அவளைச் சுடுகிற இடம். இந்தி வெள்ளமாகப் பேசுகிறாள், அதனால் கன்னடப் பிள்ளைகள் வடக்கிலிருந்து வந்தவள் என்கிறார்கள். வகுப்பிலுள்ள மர்பி டவுன் தமிழ்ப் பிள்ளைகளோ இவள் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். தமிழில் தன் பெயரைத் தவிர எழுதத் தெரியாது என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். மூன்று மொழி தெரிந்தும் எந்தக் கூட்டத்திலும் சேராத நிலை. கன்னடத்தைப் பரீட்சைக்காக இல்லாமல் பஸ்ஸுக்காகக் கற்கட்டும். தெரு முனைக் கடையில் பால் வாங்கும் பொறுப்பை அவளிடமே விடுங்கள். தமிழை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ஒரு பத்தி, சத்தம் போட்டுப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். நாளைக்குத் தமிழ்நாட்டில் அரசுப் பணிக்கு எழுத நினைத்தால் டிஎன்பிஎஸ்சியில் தமிழ்த் தாளில் குறைந்தது 40 சதவீதம் எடுத்தாக வேண்டும். ராணுவத்து வீட்டுப் பிள்ளைகள் பலர் இதைப் பட்டம் முடித்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

இனி ஆரணி. பாட்டி வீட்டுக்குப் போகிறேன் என்கிறாளே, அது பாட்டி மேல் உள்ள ஆசை மட்டுமில்லை. ‘எங்கேயாவது ஓர் இடத்தில் என்னை விட்டுவையுங்கள்’ என்பதுதான் அதன் பொருள் என்று நான் நினைக்கிறேன். வருட நடுவில் ஆறாவது பள்ளிக்கு அனுப்புவது அதற்கு மருந்தில்லை. அதற்குப் பதில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடியும் வரை பெங்களூருதான் என்று அவளிடம் உறுதி சொல்ல முடியுமா என்று பாருங்கள். கணவர் எல்லைப் பகுதியில் இருக்கும்போது குடும்பம் குவார்ட்டர்ஸில் தொடரவும், பொதுத் தேர்வு எழுதும் பிள்ளையைக் காரணம் காட்டி நீட்டிப்புக் கேட்கவும் வழி இருக்கிறது. அவருடைய யூனிட் அலுவலகத்தில் இப்போதே மனு கொடுக்கச் சொல்லுங்கள், கடைசி மாதத்தில் இல்லை. உறுதி கிடைத்த பிறகு மட்டும் அவளிடம் சொல்லுங்கள். பாதி உறுதி கேட்டுக் கேட்டு அந்தக் காதுகள் புளித்துப்போயிருக்கும்.

பெங்களூருவிலேயே பன்னிரண்டு முடித்தால் ஒரு விளைவு உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். என்ஐடி எனும் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பாதி இடம் அந்தந்த மாநிலத்தவருக்கு. ஆனால் அங்கே ‘சொந்த மாநிலம்’ என்பது பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய மாநிலம். ஆகவே அவளுக்கு திருச்சி என்ஐடியில் தமிழ்நாட்டுப் பங்கு கிடைக்காது. சூரத்கல் என்ஐடியில் கர்நாடகப் பங்கு கிடைக்கும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு வேறு கணக்கு. எட்டு முதல் பன்னிரண்டு வரை அங்கே படிக்காதவர்கள், தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் என்பதற்கு நேட்டிவிட்டி சான்றிதழ் காட்ட வேண்டும். அடுத்த விடுமுறைக்கு ஆரணி போகும்போது இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கலந்தாய்வு நேரத்தில் இரவு பஸ் ஏறி ஓடும் தகப்பன்களை வருடாவருடம் பார்க்கிறேன். 2028இல் கணவர் ஓய்வு பெறுவதாகச் சொன்னீர்கள். முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான பிரதமர் கல்வி உதவித்தொகையில் பெண்களுக்கு மாதம் 3000 ரூபாய் தருகிறார்கள். தொழிற்கல்விப் பட்டப்படிப்பாக இருக்க வேண்டும், பன்னிரண்டில் 60 சதவீதம் வேண்டும்.

கணவர் போன் செய்யும்போது ‘நன்றாகப் படிக்கிறாயா?’ என்று கேட்டு வைத்துவிடுகிறார் என்றாள். சிக்னல் கிடைக்கும் நான்கு நிமிடத்தில் மனிதர் வேறென்ன கேட்பார், பாவம். தான் ஒரு புது யூனிட்டில் யாரும் பேசாமல் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு நாளைப் பற்றி அவரைச் சொல்லச் சொல்லுங்கள். நிச்சயம் அப்படி ஒரு நாள் இருந்திருக்கும்.

தூக்கமும் சாப்பாடும் கெட்டு, பள்ளிக்கே போக மாட்டேன் என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் என்னைப் போன்ற ஆலோசகர் போதாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம். சனிக்கிழமை நான் பார்த்த அளவில் அவள் அந்த நிலையில் இல்லை.

வீட்டில் கருப்பு டிரங்குப் பெட்டி ஒன்று, அப்பாவின் பெயரும் எண்ணும் வெள்ளைப் பெயின்டில் எழுதியது, போர்வை போர்த்தி டிவி ஸ்டாண்டாக நிற்கிறதாமே. அவள் கேடயங்களும் வரைந்த படங்களும் அதற்குள்தான் இருக்கின்றனவாம். ‘மறுபடியும் கட்டத்தானே போகிறோம்’ என்று திறக்க விடமாட்டேன் என்கிறாளாம். டிவியைத் தரையில் வைத்தாவது அதைத் திறந்துவிடுங்கள். படங்களைச் சுவரில் மாட்டுங்கள். ஆணி அடித்ததற்கு, குவார்ட்டர்ஸைப் பராமரிக்கும் எம்இஎஸ்காரர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

அடுத்த சந்திப்பு இருபதாம் தேதி, மாலை ஐந்து மணி. நீங்கள் வர வேண்டாம். அல்சூர் மெட்ரோவில் இறங்கினால் என் அறை பத்து நிமிட நடை; குறுக்குச் சந்தில் எல்லோருக்கும் வழி தப்பும். தப்பினால் பூக்கடையில் கேட்கச் சொல்லுங்கள், அந்த அம்மாளுக்குக் கன்னடம் மட்டும்தான் தெரியும்.