ஆசிய நாடுகளில் வளர்ச்சி ஆராய்ச்சிக்கு வரும் நிதியால் உண்மையில் பலன் உண்டா?

வெளிநாட்டு நிதியில் நடக்கும் ஆய்வுகளால் மக்களுக்கு ஏதாவது கிடைக்கிறதா, இல்லை எல்லாம் அறிக்கையோடு முடிந்துவிடுகிறதா, இந்தத் துறைக்கு வர நினைக்கும் மாணவர் எங்கே உதவி தேடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் ஒரு சிறிய ஆய்வு நிறுவனத்தில் கள ஆய்வுகளை ஒருங்கிணைப்பது என் வேலை. பலன் கட்டாயம் உண்டு என்பதுதான் என் பதில். ஆனால் எவ்வளவு பணம் என்பதைவிட, எத்தனை வருடம் விடாமல் வந்தது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பங்களாதேஷின் மத்லப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்காவுக்குத் தென்கிழக்கே ஆறும் வாய்க்காலுமாகக் கிடக்கும் கிராமப் பகுதி. பங்களாதேஷ் கிழக்கு பாகிஸ்தானாக இருந்தபோது, 1960-ல், அமெரிக்காவும் பாகிஸ்தானும் இடம்பெற்ற சீட்டோ ராணுவக் கூட்டணியின் பெயரில் டாக்காவில் காலரா ஆராய்ச்சிக்கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. பணம் பெரும்பாலும் அமெரிக்காவுடையது. தடுப்பூசியைச் சோதிக்க மத்லப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். 1966 முதல் அங்கே வீடு வீடாகப் போய்ப் பிறப்பு, இறப்பு, ஊர் மாறுவது எல்லாவற்றையும் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தப் பதிவேடு நிற்கவில்லை.

1968-ல் அதே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த டேவிட் நளின், ரிச்சர்ட் காஷ் ஆகியோர், சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தால் காலரா நோயாளிக்கு டிரிப்ஸ் தேவை பெருமளவு குறையும் என்று காட்டினார்கள். 1971 பங்களாதேஷ் விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலநோபிஸ் இதே கரைசலைக் கொடுத்தார். அங்கே முப்பது சதவீத அளவில் இருந்த காலரா இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

அதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பங்களாதேஷின் பிராக் தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்து வருடம், பெண் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பித் தாய்மார்களுக்கு இந்தக் கரைசலைச் செய்யக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறத்தாழ அரை லிட்டர்) தண்ணீர். பாக்கெட் எதுவும் கிடையாது, அடுப்படியில் இருப்பதே போதும். ஒரு மாதம் கழித்து வேறொருவர் போய்ச் சில வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, செய்து காட்ட முடிகிறதா என்று பார்ப்பார். கற்றுக்கொடுத்தவரின் சம்பளம் அதைப் பொறுத்தது! எத்தனை வீடு ஏறி இறங்கினார் என்பதை வைத்து அல்ல, அந்தத் தாய் எவ்வளவு கற்றுக்கொண்டார் என்பதை வைத்துச் சம்பளம். இப்படி ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு மேல் போனார்கள். ஆராய்ச்சியும் களப்பணியும் இவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து நடந்த இன்னொரு உதாரணம் எனக்குத் தெரியாது.

மத்லப் பதிவேடு அதோடு நிற்கவில்லை. 1977-ல் ஏறத்தாழ பாதி கிராமங்களில் மட்டும் பெண் பணியாளர்கள் வீட்டுக்கே போய்க் குடும்பக் கட்டுப்பாட்டு உதவி தந்தார்கள். அதனால் பெண்களின் வாழ்க்கையும் பிள்ளைகளின் உடல்நலமும் எப்படி மாறின என்பதை 1996-ல் எடுத்த பெரிய சர்வேயை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். கிட்டத்தட்ட இருபது வருட இடைவெளி. அத்தனை வருடம் அந்தக் குடும்பங்களைத் தொலைத்துவிடாமல் பதிவேடு வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

ஆனால் எங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு வரும் நிதி இரண்டு வருடம், மிஞ்சிப்போனால் மூன்று. ஒரு முறை டெல்டா கிராமங்களில் முதல் சுற்று சர்வே முடித்தோம். இரண்டாம் சுற்றுக்கு முன் நிதி தந்தவர்களின் முன்னுரிமை மாறிவிட்டது. அதோடு நின்றது. வேறு வேலையாக அங்கே போன எங்கள் பெண் பணியாளரிடம் ஒரு பாட்டி, "ஏம்மா, அன்னிக்கு அவ்வளவு நேரம் கேட்டு எழுதிட்டுப் போனீங்களே, அப்புறம் ஆளையே காணோமே?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அவருக்குச் சொல்ல எங்களிடம் பதில் இல்லை.

இது எங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. 2021-ல் பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்தபோது, நடந்துகொண்டிருந்த ஆய்வுகளுக்கே பாதியில் பணம் வெட்டப்பட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க உதவி நின்றதும், அந்த டாக்கா ஆராய்ச்சிக்கூடத்தின் வாரிசான ஐசிடிடிஆர்பி ஆயிரம் பேருக்கு மேல் வேலையிலிருந்து அனுப்ப வேண்டியதாயிற்று. அதில் பலர் களப்பணியாளர்கள். எந்த வீட்டில் எப்போது போனால் ஆள் இருப்பார் என்று அறிந்தவர்கள் ஒரு தடவை கலைந்தால், மறுபடி பணம் வந்தாலும் அந்த அறிவு திரும்பாது.

இந்தியாவில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தத்தின்படி, ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்து தர முடியாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, முன்பு 50 இருந்தது. கணக்குத் தெளிவாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அடிபடுவது மாவட்ட அளவில் இருக்கும் சிறிய அமைப்புகள்தான். கிராமத்தை நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்.

அதனால் நம் அரசுகளே பணம் போட வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை 1971-ல் மால்கம் ஆதிசேஷையாவும் அவர் மனைவியும் தொடங்கினார்கள். 1977 முதல் மத்திய, மாநில அரசுகளின் ஆதரவு கிடைத்ததால் அது நிலைத்தது. தென் கொரியாவின் வளர்ச்சி நிறுவனமும் அதே 1971-ல் அமெரிக்க உதவியோடு தொடங்கியதுதான். இன்று அந்த நாடு தன் பொருளாதாரத்தில் ஐந்து சதவீதத்தை ஒட்டி ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. நாம் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

சரி, உங்களுக்கு உதவக்கூடிய இடங்கள். கனடா நாடாளுமன்றம் 1970-ல் உருவாக்கிய ஐடிஆர்சி என்ற சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையம், உள்ளூர் ஆய்வாளர்களையே முன்னிறுத்துவதில் நல்ல பெயர் எடுத்தது. காத்மாண்டுவில் இயங்கும் சாண்டீ அமைப்பு, தெற்காசிய இளம் ஆய்வாளர்களுக்குச் சுற்றுச்சூழல் பொருளாதாரத்தில் பயிற்சியும் சிறிய நிதியும், கூடவே வழிகாட்ட ஒரு மூத்த ஆய்வாளரையும் தந்து வந்திருக்கிறது. என்னைக் கேட்டால் பணத்தைவிட அந்த வழிகாட்டல் பெரிது. இந்தியாவுக்குள் ஐசிஎஸ்எஸ்ஆர் என்ற இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. எங்கே விண்ணப்பித்தாலும், அதே வீடுகளுக்கு இரண்டாம் முறை போகும் செலவையும் இரண்டு சுற்றுக்கும் இடைப்பட்ட மாதங்களில் களப்பணியாளருக்குத் தரும் சம்பளத்தையும் முதல் நாளே பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள். வெட்டச் சொல்வார்கள். அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.