கயிற்றைப் பிடித்திருக்கும் கை

கேள்வி: கொடைக்கானலில் வசிக்கிறேன். வயது 36. எங்கள் நாய் மணி முழுக் கறுப்பு. தினமும் காலையில் அப்பாவும் நானும் மணியை ஏரிச் சாலையில் நடக்கக் கூட்டிப்போகிறோம். வழியில் மணியையும் பனியையும் மரங்களையும் செல்போனில் படமெடுப்பது எனக்கு உயிர். ஆனால் மணியின் முகம் வெறும் கறுப்பாக விழுகிறது, கண்ணே தெரிவதில்லை. அப்பாவுக்கு 73 வயது. முழங்கால் வலி என்று மெதுவாக நடப்பதால், நல்ல இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் வெளிச்சம் மாறிவிடுகிறது. படத்துக்காகக் கொஞ்ச நேரம் மணியை அவிழ்த்துவிடச் சொன்னாலும் கேட்க மாட்டார். மணியும் என்னைப் பார்க்காமல் அவரையே பார்க்கிறான். கயிற்றையும் அதைப் பிடித்திருக்கும் அப்பாவின் கையையும் வீட்டுக்கு வந்து ஆப்பில் அழித்துவிடுகிறேன், அது ஒன்றும் பெரிய வேலையில்லை. இனிமேல் அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு நானும் மணியும் மட்டும் போகலாமா? நல்ல கேமரா வாங்கினால் படம் சரியாகுமா?

பதில்: நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன். கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனீர்களே, கையை அழிப்பது பெரிய வேலையில்லை என்று, அதைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

கொடைக்கானல் குளிரில் ஒரு மனிதர் வலிக்கிற முழங்காலோடு எழுந்து, ஸ்வெட்டரும் குல்லாவும் மாட்டிக்கொண்டு, நாயைப் பிடித்துக்கொண்டு உங்களோடு வருகிறார். நீங்கள் படமெடுக்க நிற்கும் இடத்திலெல்லாம் அவரும் நிற்கிறார். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் விரலால் தேய்த்து அவரை எடுத்துவிடுகிறீர்கள். முதலில் கையை எடுத்தீர்கள். இப்போது ஆளையே விட்டுவிட்டுப் போகலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். கூடாது. பெற்ற அப்பாவைப் படத்துக்கு இடைஞ்சல் என்று ஒரு பெண் எழுதினால், அவளுக்கு இதமாகப் பதில் சொல்ல எனக்கு வராது.

உங்கள் கடிதத்துக்கு அடுத்து என்ன கடிதம் வரும் என்று எனக்குத் தெரியும். நிறையப் பார்த்துவிட்டேன். ‘அப்பா தவறிவிட்டார், நல்ல படம் ஒன்றுகூட இல்லை, ஆதார் அட்டையில் இருப்பதைப் பெரிதாக்கினால் தெளிவாக வருமா’ என்று கேட்பார்கள். அப்படிக் கேட்பவர்களின் செல்போனில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கும். பூ இருக்கும், மேகம் இருக்கும், பூனைக்குட்டி இருக்கும். அப்பா மட்டும் யாரோ ஒருவர் கல்யாணத்தில் பின்வரிசையில் பாதி முகமாக நிற்பார். அதைத்தான் வெட்டி எடுத்து மாலை போடுகிறார்கள்.

2018-ல் உங்கள் மலையில் குறிஞ்சி பூத்தது. அந்தப் படங்களை நீங்கள் பத்திரமாக வைத்திருப்பீர்கள். அவற்றில் அப்பா எத்தனையில் இருக்கிறார் என்று இன்று ராத்திரி தேடிப் பாருங்கள். 12 வருடக் கணக்குப்படி அடுத்து 2030-ல் பூக்க வேண்டும். அப்போது அவர் உங்களோடு மேடேறி வருவாரா என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

மணியை அவிழ்த்துவிட மாட்டேன் என்கிறாரே, அதற்கு நீங்கள் நன்றி சொல்லியிருக்க வேண்டும். காட்டெருமை ஊருக்குள்ளேயே நடமாடும் இடம் கொடைக்கானல். அவிழ்ந்த நாய் அதைப் பார்த்துக் குரைக்கும், அது முட்ட வந்தால் நேராக எஜமானின் காலுக்குத்தான் ஓடிவரும், பின்னாலேயே காட்டெருமையும் வரும். சிறுத்தைக்கு நாய் சுலபமான இரை. காட்டுக்கும் நம் நாய் நல்லதில்லை. தரையில் கூடு கட்டும் பறவைகளைக் கலைக்கும், டிஸ்டெம்பர் போன்ற நோய்களைச் செந்நாய்களுக்குக் கொடுத்துவிடும். சுற்றியுள்ள காடு 2013-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. படம் நன்றாக வரும் என்பதற்காக அந்தப் பக்கம் நாயோடு ஒதுங்காதீர்கள். இதெல்லாம் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் படம்தான் முக்கியமாகப் போய்விட்டது.

சரி, மணியின் முகம். இது கேமராவின் விலையால் வருகிற குறை இல்லை. எந்தக் கேமராவும் எதிரே இருப்பதையெல்லாம் சேர்த்து நடுத்தரமான வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வெள்ளைப் பனி நிறைந்திருந்தால் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், அதில் கறுப்பு நாய் காணாமல் போகும். திரையில் மணியின் முகத்தைத் தொட்டு, ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும் வரை விரலை எடுக்காமல் வைத்திருங்கள். பக்கத்தில் சூரியன் மாதிரி ஒரு குறி வரும், அதை மேலே தள்ளுங்கள். பனி கொஞ்சம் வெளுத்துப் போகும், போகட்டும். பனிக்குப் பதில் பைன் மரங்களின் இருட்டு பின்னால் இருந்தால் இன்னும் சுலபம். முகம் திறந்த வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும். வானம் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழுந்தால்தான் கறுப்பு முகத்தில் கண் தனியாகத் தெரியும்.

மணி அப்பாவைத்தான் பார்க்கிறான் என்றால் அப்பாவை உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள், கயிறு அவர் கையிலேயே இருக்கட்டும். அவர் ‘மணி’ என்று ஒரு குரல் கொடுத்தால் காதைத் தூக்கிக்கொண்டு நேராகப் பார்ப்பான். நீங்கள் நாள்தோறும் அழிக்கும் அந்த ஆள் இல்லாமல் நீங்கள் ஆசைப்படும் படம் வராது.

வெளிச்சம் போய்விடுகிறதென்றால் அரைமணி நேரம் முன்னால் கிளம்புங்கள். ஏரியைச் சுற்றினால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர், தினமும் முழுச் சுற்று வரவேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அவருக்கு வலிக்கும் இடத்தில் உட்காரட்டும், நீங்களும் தரையில் உட்காருங்கள். நாயின் கண் மட்டத்துக்கு இறங்கி எடுத்தால்தான் அதன் முகம் முகமாக விழும், நின்றபடி எடுத்தால் முதுகுதான் பெரிதாகத் தெரியும். அப்படி உட்கார்ந்திருக்கும்போது இரண்டு பேரையும் சேர்த்து எடுங்கள். அப்பாவைச் சிரிக்கச் சொல்லாதீர்கள், போஸ் கொடுக்கச் சொல்லாதீர்கள். அவர் மணியோடு ஏதாவது பேசிக்கொண்டிருப்பார், அதை எடுங்கள்.

கையை அழித்த படங்களையும் திறந்து பாருங்கள். பல செல்போன்களில் திருத்தத்தை நீக்கிப் பழைய படத்துக்கே திரும்பும் வசதி உண்டு, சில ஆப்புகள் மூலப்படத்தைத் தனியாக வைத்திருக்கும். மீட்க முடிந்ததையெல்லாம் மீட்டு, ஸ்டுடியோவில் அச்சுப் போட்டு அப்பா கையில் கொடுங்கள்.

கேமரா இப்போது வேண்டாம். முழங்கால் வலி என்று எழுதினீர்கள். எத்தனை நாளாக, எந்த மருத்துவர் பார்த்தார், என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை கடிதத்தில் இல்லை. வெளிச்சம் மாறுவதைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். கேமராவுக்கென்று எடுத்துவைத்த பணத்தோடு அவரை மதுரைக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள், இந்த வாரமே போங்கள்.