இணையவழிப் படிப்பு நேரடி வகுப்புக்கு ஈடாகுமா?

வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்க விரும்பும் உங்கள் தம்பிக்கு இணையவழிப் படிப்பு பயன் தருமா, அது வகுப்பறைக்கு ஈடு என்று ஆய்வுகள் நிறுவியிருக்கின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கும் எனக்கு இந்த ஆய்வுகளைப் படிப்பதில் நெடுநாள் ஈடுபாடு உண்டு. தன் படிப்பைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளக்கூடிய மாணவருக்கு இணையவழியால் இழப்பு குறைவு, முன்பே பின்தங்கியிருக்கும் மாணவருக்கு அதிகம் என்பதே நான் அவற்றிலிருந்து அறிந்துகொண்டது. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு புலப்படாது.

‘ஈடுதான்’ என்று வாதிடுவோர் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது அமெரிக்கக் கல்வித் துறை 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்வை. 1996 முதல் 2008 வரை வெளிவந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி, கறாரான ஒப்பீடு உள்ளவற்றிலிருந்து மட்டும் 50 முடிவுகளை அது திரட்டியது. இணையத்தில் படித்தவர்கள் சராசரியாகச் சற்று மேலாகவே தேறியிருந்தார்கள். ஆனால் பிரித்துப் பார்த்தால், அந்த மேன்மை பெரும்பாலும் இணையமும் வகுப்பறையும் கலந்த முறையிலிருந்து வந்தது. முழுக்க இணையத்திலேயே நடந்த படிப்புக்கும் நேரடி வகுப்புக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. கலப்பு முறையில் படித்தவர்களுக்குப் பல ஆய்வுகளில் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன என்பதால், பலனை இணையத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது என்று அந்த அறிக்கையே எச்சரித்தது. பள்ளி மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளும் அதில் மிகச் சிலவே. இந்த எச்சரிக்கைகளை விட்டுவிட்டு முதல் வரியை மட்டும் மேற்கோள் காட்டுவது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

இந்தத் துறையின் பெரிய சிக்கல் வேறொன்று. இணையவழியைத் தாமே தேர்ந்தெடுத்தவர்களையும் வகுப்பறையைத் தேர்ந்தெடுத்தவர்களையும் ஒப்பிட்டால், நாம் அளப்பது கற்பிக்கும் முறையையா, அந்த மாணவர்களின் வயது, வேலைச்சுமை, ஊக்கம் ஆகியவற்றையா என்று பிரித்தறிய இயலாது. குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரிக்கும் சோதனைகளை நான் கூடுதலாக மதிப்பது இதனால்தான். ஃபிக்லியோ, ரஷ், யின் ஆகிய மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு அத்தகையது. ஒரு பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் அறிமுக நுண்பொருளியல் பாடத்தில், ஒரு பிரிவினர் அரங்கில் அமர்ந்து விரிவுரை கேட்டார்கள். மற்றவர்கள் அதே விரிவுரையை இணையத்தில் பார்த்தார்கள். மற்றவை அனைத்தும் ஒன்றே. நேரடியாகக் கேட்டவர்கள் ஓரளவே முந்தினார்கள். ஆனால் ஆண்களிடமும், ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க அல்லது ஸ்பானிய வழிவந்த) மாணவர்களிடமும், முன்பே குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தவர்களிடமும் அந்த இடைவெளி அதிகமாக இருந்தது.

லாபநோக்குள்ள ஒரு பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தரவுகளைக் கொண்டு பெட்டிங்கரும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட கட்டுரையும் இதே திசையில்தான் செல்கிறது. பாடத்திட்டமும் பாடநூலும் ஒன்றாக இருந்தும், ஒரு பாடத்தை இணையத்தில் எடுத்தவர்களின் மதிப்பெண் நான்கு புள்ளி அளவுகோலில் 0.44 குறைந்தது. அடுத்து எடுத்த பாடங்களிலும் அவர்கள் பின்தங்கினார்கள், படிப்பைத் தொடரும் வாய்ப்பும் குறைந்தது. இங்கும் பழைய மதிப்பெண் குறைவாக இருந்தவர்களே அதிகம் இழந்தார்கள்.

பெருந்தொற்றுக் காலத்துப் பள்ளிகளின் நிலையை இத்துடன் குழப்பிக்கொள்ளக் கூடாது, அது திட்டமிட்ட இணையக் கல்வி அன்று. ஆயினும் நல்ல இணைய வசதி பரவியிருக்கும் நெதர்லாந்தில்கூட, எட்டு வார மூடலுக்குப் பின் தொடக்கப்பள்ளி மாணவர்கள் ஒரு கல்வியாண்டுக் கற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்திருந்தார்கள் என்றும், கல்வி குறைந்த பெற்றோரின் பிள்ளைகளிடம் இழப்பு 60 விழுக்காடு வரை கூடுதல் என்றும் 2021இல் வந்த ஆய்வு கண்டது.

இவ்வளவும் கேட்டபின் இணையவழியே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் கணினி அறிவியல் முதுகலைப் பட்டத்தைச் சுமார் 7,000 டாலருக்கு இணையத்தில் வழங்கத் தொடங்கியபோது, அதில் இடம் கிடைக்காதவர்கள் பெரும்பாலும் வேறெங்கும் சேரவில்லை என்று குட்மன் முதலான ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேலையில் இருந்த அவர்களுக்கு மாற்று, வகுப்பறை அன்று; படிக்காமல் இருப்பதே. உங்கள் தம்பியின் நிலையும் அதுவானால் ஒப்பீட்டையே மாற்றிக்கொள்ள வேண்டும்.

அவர் கடந்த தேர்வுகளில் எப்படிச் செய்திருக்கிறார் என்பதை முதலில் பாருங்கள். தடுமாறியவர் என்றால், பதிவுசெய்த காணொளிகளை மட்டும் தரும் படிப்பைத் தவிருங்கள். ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியிருந்தபோது நடந்த குலுக்கல் சோதனையில், குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் தெளிவான பலன் இல்லை. வாரந்தோறும் ஒருவர் தொலைபேசியில் அழைத்துப் பேசியபோது குழந்தைகளின் கணக்கு முன்னேறியது. ஆகவே சேருமுன் அந்த நிறுவனத்திடம், ஒப்படைப்பைத் திருத்தி எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள், இரண்டு வாரம் உள்நுழையாத மாணவரை யார் அழைத்து விசாரிப்பார்கள், சந்தேகம் கேட்க நேரலை வகுப்பு உண்டா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், மாலைநேரக் கல்லூரியோ வார இறுதி நேரடி வகுப்புள்ள தொலைநிலைப் படிப்போ அவருக்குப் பாதுகாப்பானது.