பதினைந்து நாள் நோட்டீஸ் எங்கே செல்லும்?

கேள்வி: ஆத்தங்குடியில் எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டை (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதியை) மாத வாடகைக்கு விட்டிருக்கிறோம். எழுத்து ஒப்பந்தம் இல்லை. வீடு மூன்று பங்காளிகளுக்குப் பொது, ஒருவர் சிங்கப்பூரில். படைப்புக்கு (முன்னோருக்குச் செய்யும் குடும்ப வழிபாட்டுக்கு) வீடு வேண்டும், குடியிருப்பவர் நகர மாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: வீட்டு வரி ரசீதின் தலைப்பை முதலில் பாருங்கள். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் போல மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் இருந்தால், 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள தமிழக வாடகைச் சட்டப்படி வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே வெறும் நோட்டீஸ் போதாது, சட்டம் சொல்லும் காரணம் வேண்டும். எழுத்து ஒப்பந்தம் போட முடியாமல் போனதும் அதில் ஒரு காரணம்.

ஆத்தங்குடி கிராம ஊராட்சி, எனவே உங்கள் ரசீது ஊராட்சியுடையதாகவே இருக்கும். ஆகவே 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 106ஆம் பிரிவு. குடியிருப்பு மாத வாடகைக்கு 15 நாள் எழுத்து நோட்டீஸ் போதும், காரணம் காட்டத் தேவையில்லை. நாள் கணக்கு குடியிருப்பவர் கையில் நோட்டீஸ் கிடைத்த தேதியிலிருந்து ஓடும், நீங்கள் எழுதிய தேதியிலிருந்து அல்ல. இதில் தகராறு வரக்கூடாது. அதனால் 30 நாள் கொடுத்துவிடுங்கள்.

எந்தக் கட்டு, எத்தனை அறை, மாத வாடகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் காலி செய்ய வேண்டும் என்று தெளிவாக எழுதி, மூன்று பங்காளிகளும் கையெழுத்திடுங்கள். ஒரு பங்காளியே வழக்குப் போடலாம்தான், ஆனால் மற்றவர் ஆட்சேபித்தால் சிக்கல். சிங்கப்பூர்க்காரர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற பவர் பத்திரம் (தன் சார்பில் செயல்பட மற்றவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) அனுப்பலாம், அது இங்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும்.

ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். 'வாங்க மறுத்தார்' என்று உறை திரும்பினால் பிரிக்காமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள். சட்டத்தின் பார்வையில் அது அவருக்குச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும், நீதிமன்றத்தில் அந்த மூடிய உறைதான் பேசும்.

நோட்டீஸுக்குப் பின் அவர் பணம் கொடுத்தால், ரசீதில் 'வாடகை' என்று எழுதாதீர்கள். 'அனுபவித்ததற்கான நஷ்டஈடு' என்றே எழுதுங்கள். இல்லாவிட்டால் வாடகை தொடர்வதாக நீங்களே ஒப்புக்கொண்டதாக அவர் வாதிடுவார்.

தேதி கடந்தும் போகாவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் காலி செய்யும் வழக்கு. தயவுசெய்து பூட்டு மாற்றுவது, மின் இணைப்பைத் துண்டிப்பது, சாமானை வளவில் (நடு முற்றத்தில்) எடுத்துப் போடுவது எதுவும் வேண்டாம். வீடு உங்களுடையதே ஆனாலும், வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அதே கட்டுக்குள் திரும்பி வந்துவிட முடியும்.