4 இரவு கப்பல் பயணம்: லோன் போட்டுப் போகலாமா?

கேள்வி: எனக்கும் கணவருக்கும் கல்யாணமாகி 10 வருடம் நிறையப்போகிறது. அதையொட்டி பெரிய சொகுசுக் கப்பல் ஒன்றில் 4 இரவு போய்வர ஆசை. பயணத்துக்கு இன்னும் 10 மாதம் இருக்கிறது. இருவரும் வேலைக்குப் போகிறோம். விளம்பரத்தில் பார்த்த கட்டணத்தில் பாதி கையில் இருக்கிறது. மீதிக்கு பர்சனல் லோன் போட்டு ஒரு வருடத்தில் அடைத்துவிடலாம் என்கிறார் கணவர். அவசரத் தேவைக்கென்று 4 மாதச் செலவுக்கான பணம் தனியாக வைத்திருக்கிறோம். லோனுக்குப் பதில் அதில் கொஞ்சம் எடுத்தால் என்ன என்பது என் யோசனை. சாப்பாடு, தங்குமிடம், கேளிக்கை எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம் என்பதால் வேறு பெரிய செலவு வராதுதானே? எனக்கு பால்கனி அறை வேண்டும் என்று ஆசை. கணவர் எப்போதாவது குடிப்பார், எனக்குப் பழக்கமில்லை. மதுபானத் தொகுப்பு வாங்கினால் லாபமா?

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். 10 வருடம் சேர்ந்து குடும்பம் நடத்தியவர்கள் 4 நாள் தங்களுக்கென்று எடுத்துக்கொள்வதை வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் லோன் வேண்டாம், அவசர நிதியிலும் கை வைக்க வேண்டாம். 10 மாதம் என்பது நல்ல அவகாசம். இரண்டு சம்பளம் வருகிற வீட்டில் இந்தப் பணத்தைச் சேர்த்துவிட முடியும், எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று சரியாகத் தெரிந்தால்.

அதனால் முதலில் ஒன்றைப் பாருங்கள். விளம்பரத்தில் இருந்தது ஒருவருக்கான கட்டணமா, அறைக்கான கட்டணமா? கப்பல் நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டு பேர் ஓர் அறையில் தங்குவதாக வைத்து ஒருவருக்கான தொகையைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன. அப்படியானால் உங்கள் கையில் இருப்பது பாதி இல்லை, கால் பங்குதான். அதோடு துறைமுகக் கட்டணமும் வரியும் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சில இடங்களில் அது கடைசிப் பக்கத்தில்தான் ஏறும். குறைந்த விலைக்கு வரும் குறுகிய பயணங்களில் இந்தத் தொகை டிக்கெட் விலையோடு ஒப்பிட்டால் சின்னதாக இருக்காது.

"வேறு பெரிய செலவு வராது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைத்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கார்னிவல், ராயல் கரீபியன் போன்ற பெரிய நிறுவனங்கள் தங்கள் ஆண்டுக் கணக்கில் டிக்கெட் வருமானத்தைத் தனியாகவும், கப்பலில் பயணிகள் செய்யும் செலவு முதலியவற்றைத் தனியாகவும் காட்டுகின்றன. அந்த இரண்டாவது பகுதி மொத்த வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதாவது உள்ளே போன பிறகு நீங்கள் செய்யப்போகும் செலவையும் நம்பித்தான் டிக்கெட் விலையைக் குறைத்து வைக்க முடிகிறது. 2024-ல் பயணம் தொடங்கிய ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் 20 தளங்கள். அறைக்கு இரண்டு பேர் என்று கணக்கிட்டாலே 5,600 பேருக்கு மேல் தங்கலாம். அத்தனை பேருக்கும் நடந்துபோகிற வழியெல்லாம் வாங்குவதற்கு ஏதாவது இருக்கும். பணத்தைக் கையால் எண்ணிக் கொடுக்கும் வேலையும் இல்லை. அறைச் சாவியாக இருக்கிற அட்டையையே நீட்டினால் போதும், கணக்கில் ஏறிவிடும்.

தவிர்க்க முடியாத செலவு என்றால் டிப்ஸ். பெயர்தான் டிப்ஸ், பெரும்பாலான பெரிய நிறுவனங்களில் இது தினமும் தானாகவே கணக்கில் ஏறும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 முதல் 20 அமெரிக்க டாலர். இரண்டு பேருக்கு 4 நாளைக்கு 128 முதல் 160 டாலர். டிக்கெட்டை எவ்வளவு மலிவாகப் பிடித்தாலும் இது குறையாது. இதை நிறுத்தச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. நான் அப்படிச் செய்யச் சொல்லமாட்டேன். அறையைச் சுத்தம் செய்பவர்களுக்கும் சாப்பாடு பரிமாறுபவர்களுக்கும் போகிற கூலி அது. டிக்கெட் விலையின் ஒரு பகுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வைஃபை, தனிக் கட்டண உணவகங்கள், ஸ்பா, கப்பல் புகைப்படக்காரர் எடுக்கும் படங்கள், கரையில் இறங்கிச் சுற்றும் பயணங்கள். எல்லாமே தனித்தனி. வைஃபை வாங்காவிட்டாலும் கப்பலில் ஏறியதும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த நெட்வொர்க்கில் போன் இணைந்துகொண்டால் வரும் ரோமிங் கட்டணம் மிக அதிகம். முக்கியச் சாப்பாட்டுக் கூடம், பஃபே, குடிநீர், சாதாரண டீ, காபி, நீச்சல் குளங்கள், பெரும்பாலான மேடை நிகழ்ச்சிகள் எல்லாம் கட்டணத்தில் அடக்கம். 4 நாளைக்கு இதுவே ஏராளம்.

நாளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டிவிட்டு, கோப்பைக்குத் தனியாகக் காசு கொடுக்காமல் குடிக்கிற மதுத் தொகுப்பு உங்களுக்கு வேண்டவே வேண்டாம். பல நிறுவனங்களில் ஓர் அறையில் ஒரு பெரியவர் வாங்கினால் அதே அறையில் இருக்கும் மற்ற பெரியவரும் வாங்கியாக வேண்டும் என்பது விதி. உதாரணத்துக்கு, தொகுப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 70 டாலர், தனியாக வாங்கினால் ஒரு கோப்பை 14 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் குடிக்காததால் இரண்டு பேருக்குமான 140 டாலரை ஈடுகட்ட உங்கள் கணவர் ஒருவரே ஒரு நாளைக்கு 10 கோப்பை குடிக்க வேண்டும். கரையில் இறங்கும் நாளில் பாதிப் பொழுது கப்பலிலேயே இருக்கமாட்டீர்கள். எப்போதாவது ஒரு கோப்பை என்றால் அந்தந்த நேரத்துக்குக் காசு கொடுத்து வாங்குவதே மேல்.

சரி, மொத்தம் எவ்வளவு சேர்க்க வேண்டும்? இருவருக்குமான கட்டணத்தை 100 என்று வையுங்கள். வரி, துறைமுகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 120 என்றும், டிப்ஸ், காப்பீடு, கப்பல் செலவுக்கு இன்னொரு 30 என்றும் திட்டமிடுங்கள். ஆக 150. துறைமுகம் வரை போய்வரும் செலவு இதில் இல்லை, அது தனி.

இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. உங்கள் கெடு 10 மாதம் அல்ல. முன்பணம் கட்டி அறையைப் பிடித்தாலும், மீதித் தொகையைப் பெரும்பாலும் புறப்படுவதற்கு 75 முதல் 90 நாளுக்கு முன்பே கட்டியாக வேண்டும். அதனால் அந்த 120-ஐச் சேர்க்க உங்களுக்கு இருப்பது 7 மாதம். கையில் 50 இருந்தால் மாதம் 10 சேர்க்க வேண்டும். அதையே கடைசி 3 மாதமும் தொடர்ந்தால் கப்பல் செலவுக்கான 30-ம் சேர்ந்துவிடும். கையில் 25தான் என்றால் மாதம் 14 ஆகும். இந்தத் தொகையைத் தனிக் கணக்கில் சம்பள நாளன்றே போட்டுவிடுங்கள். முதல் 2 மாதம் போட்டுப் பாருங்கள். மூச்சு முட்டுகிறது என்றால் பயணத்தைச் சில மாதம் தள்ளுங்கள், அல்லது அறையை மாற்றுங்கள்.

லோன் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அது டிக்கெட்டோடு நிற்காது. டிக்கெட்டுக்கு லோன், கப்பல் கணக்குக்கு கிரெடிட் கார்டு என்று இரண்டு கடனாக வந்து சேரும். திரும்பி வந்த மாதம் லோன் தவணை கட்டியது போக கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகைதான் கட்ட முடியும். கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவீத வட்டி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும்.

அவசர நிதிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. மீதித் தொகையைக் கட்டிய பிறகு ரத்து செய்தால், நாள் நெருங்க நெருங்கத் திரும்பக் கிடைக்கும் பணம் குறைந்துகொண்டே போகும். கடைசி சில நாள்களில் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. அந்த நேரத்தில் ஒருவருக்கு வேலை போனால், டிக்கெட் பணமும் மாட்டிக்கொள்ளும், அவசர நிதியும் குறைந்திருக்கும்.

பயணக் காப்பீட்டை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் கட்டணம் உங்கள் கணக்கில்தான் ஏறும். உள்ளூர் மருத்துவக் காப்பீடு நடுக்கடலில் செல்லும் என்று நீங்களாக எண்ணிக்கொள்ளாமல் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். கடலிலிருந்து ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் செலவு பல ஆயிரம் டாலர். வாங்கும் பாலிசியில் கப்பல் பயணம், அவசர மருத்துவ வெளியேற்றம், பயண ரத்து மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பால்கனிக்கு வருகிறேன். 4 இரவு என்றாலும் முழு நாள் 3தான் கிடைக்கும். முதல் நாள் மதியம் ஏறுவீர்கள், கடைசி நாள் காலையிலேயே இறங்கிவிட வேண்டும். அந்த 3 நாளில் ஒரு நாள் கரையில் போய்விடும். கணக்கு மட்டும் பார்த்தால் ஜன்னல் இல்லாத உள்ளறையே போதும், அதிலும் எந்த அறை என்பதை நிறுவனமே ஒதுக்கட்டும் என்று விட்டால் இன்னும் குறையும். ஆனால் இருவரும் காலையில் சேர்ந்து உட்கார்ந்து கடலைப் பார்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால், பால்கனியை எடுத்துக்கொண்டு ஸ்பாவையும் தனிக் கட்டண உணவகத்தையும் விட்டுவிடுங்கள். பதிவு செய்யும் முன் அந்த பால்கனி எதைப் பார்க்கிறது என்று கேளுங்கள். ராயல் கரீபியனின் ஒயாசிஸ், ஐகான் வகைக் கப்பல்களில் சில பால்கனிகள் கடலைப் பார்க்காமல் கப்பலின் உள்ளே இருக்கும் தோட்டத்தைப் பார்த்தபடி இருக்கும். அழகுதான், ஆனால் நீங்கள் ஆசைப்பட்டது அதுவாக இருக்காது.

பதிவு செய்த பின்னும் மீதித் தொகை கட்டும் நாள்வரை வாரம் ஒருமுறை விலையைப் பாருங்கள். அதே அறை குறைந்திருந்தால் புது விலைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்; பல நிறுவனங்கள் அந்தக் கெடுவுக்குள் ஒத்துக்கொள்ளும்.

கப்பல் கணக்கோடு டெபிட் கார்டை இணைக்காதீர்கள். செலவு செய்யும் முன்பே ஒரு தொகையை நிறுத்திவைப்பார்கள். அது உங்கள் வங்கிக் கணக்கில் இருக்கும் பணம், விடுபடச் சில நாள் ஆகும். கிரெடிட் கார்டை இணைத்து, சேர்த்து வைத்த 30-லிருந்து வந்தவுடன் முழுதாகக் கட்டிவிடுங்கள். தினமும் படுக்கும் முன் கப்பல் நிறுவனத்தின் செயலியில் கணக்கைப் பாருங்கள். நீங்கள் வாங்காதது ஏதாவது ஏறியிருந்தால் கடைசி இரவுக்குள் வரவேற்பு மேசையில் சொல்லி நீக்கச் சொல்லுங்கள். இறங்கும் நாள் காலையில் அங்கே வரிசை நீளமாக இருக்கும்.