டிரிகர் மாற்றப் போகிறீர்களா? கிராம் கணக்கை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: ரெமிங்டன் 700 வகை ஆக்‌ஷன் (போல்ட் ஓடும் இயந்திரப் பகுதி) கொண்ட .308 போல்ட் ரைஃபிள் வைத்திருக்கிறேன். கனமான பேரல், நல்ல ஸ்கோப், பைபாட் எல்லாம் இருக்கிறது. 100 முதல் 600 மீட்டர் வரை காகித இலக்கிலும் இரும்புத் தட்டிலும் சுடுகிறேன். கம்பெனி டிரிகரை இழுக்கத் தேவைப்படும் விசையை அளந்தால் 2 கிலோவுக்குப் பக்கத்தில் வருகிறது. இழுக்கும்போது மணலில் இழுப்பதுபோல் உரசுகிறது. கூடச் சுடுகிறவர்கள் 250 கிராம் டிரிகர் போடச் சொல்கிறார்கள். சிங்கிள் ஸ்டேஜா, டூ ஸ்டேஜா, விரல் படும் முகப்பு தட்டையா, வளைவா என்று தலை சுற்றுகிறது. எதை வாங்கலாம்?

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சுடும் விதத்துக்கு 700 கிராமிலிருந்து 1 கிலோவுக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு நல்ல சிங்கிள் ஸ்டேஜ் (ஒரே அழுத்தத்தில் விடுபடும்) டிரிகர் போதும். 250 கிராம் வேண்டாம். நண்பர்கள் தப்பாகச் சொல்லவில்லை. அவர்கள் கைக்கும் அவர்கள் சுடும் போட்டிக்கும் அது சரியாக இருக்கலாம். ஆனால் டிரிகர் வாங்கும்போது கிராம் என்பது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். மேகசினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, பாதுகாப்பான திசையில் ரைஃபிளைப் பைபாடிலும், பின்பக்கம் முட்டுக் கொடுக்கும் பையிலும் வைத்து, வெறுமனே டிரிகரை இழுங்கள். சென்டர்ஃபயர் போல்ட் ரைஃபிளுக்கு இதனால் பொதுவாகக் கெடுதல் இல்லை. 'டிக்' என்று விழும் அந்த நொடியில் ஸ்கோப்பின் குறுக்குக்கோடு என்ன செய்கிறது என்று மட்டும் கவனியுங்கள். 0.1 மில் (ஸ்கோப்பில் பயன்படும் கோண அளவு) துள்ளினால் 100 மீட்டரில் 1 செ.மீ., 600 மீட்டரில் 6 செ.மீ. உங்கள் ரைஃபிள் ஐந்தாறு கிலோ இருக்கும். அதில் 2 கிலோ விசையோடு ஒரு விரல் இழுக்கிறது என்றால் துள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அப்படித் துள்ளினால் புது டிரிகர் உங்களுக்கு நிஜமாகவே உதவும். கோடு அசையாமல் நிற்கிறது, ஆனால் காகிதத்தில் குண்டுகள் சிதறுகின்றன என்றால், குற்றவாளி வேறு எங்கோ இருக்கிறார். தோட்டாவையும் ஸ்கோப் மவுன்ட்டையும் கட்டையின் (ஸ்டாக்) திருகுகளையும் பாருங்கள். டிரிகர் பேரலைத் திருத்தாது. உங்கள் விரல் செய்யும் தப்பைக் குறைக்கும், அவ்வளவுதான்.

உள்ளே நடப்பது தெரிந்தால் விளம்பர வாசகங்களைப் படிப்பது சுலபமாகிவிடும். போல்ட்டை மூடும்போது, தோட்டாவைத் தட்டும் ஊசியான ஃபயரிங் பின்னின் பின்புறத் துண்டைச் சியர் என்ற நெம்பு பிடித்து நிறுத்துகிறது. அந்தச் சியர் கீழே விழாமல் டிரிகரின் ஒரு சின்ன விளிம்பு தாங்குகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நீங்கள் இழுக்க இழுக்க விளிம்பு வழுக்கி விலகுகிறது. விலகி முடிந்ததும் சியர் விழுகிறது, ஃபயரிங் பின் பாய்கிறது. விலகும்போது விரலுக்குத் தெரியும் அந்த இழுவைக்குத்தான் க்ரீப் என்று பெயர். நீங்கள் சொன்ன 'மணல்' அங்கேதான் இருக்கிறது. சியர் விழுந்த பிறகும் டிரிகர் பின்னால் போகும் தூரம் ஓவர்டிராவல். கிராம் எண்ணைப் பெரும்பாலும் தீர்மானிப்பது டிரிகருக்குப் பின்னாலிருக்கும் ஸ்பிரிங்.

ஆக, எடையைக் குறைப்பது ஒரு வேலை, உரசலைப் போக்குவது வேறு வேலை. உரசும் டிரிகரின் ஸ்பிரிங்கை மட்டும் இளக்கினால் லேசாக உரசும் டிரிகர் கிடைக்கும். நல்ல டிரிகருக்கு நீங்கள் கொடுக்கும் பணம் அந்த இரண்டு விளிம்புகளின் வழவழப்புக்கும் கோணத்துக்கும்தான். டிரிகர்டெக் என்ற கம்பெனி இந்த இடத்தில் ஒரு சின்ன உருளையை வைத்து வழுக்கலை உருளலாக மாற்றுகிறது. ஆஸ்திரியாவின் பிக்ஸ்ன்ஆண்டி சின்ன உருண்டைகளை (பால் பேரிங்) வைக்கிறது. 1946-லிருந்து டிரிகர் செய்துவரும் டிம்னி, விளிம்புகளைத் துல்லியமாகச் செதுக்கும் பழைய வழியிலேயே நிற்கிறது. மூன்றிலும் நல்ல டிரிகர்கள் உண்டு. 'லாக் டைம் குறையும்' என்று யாராவது ஆசை காட்டினால் கொஞ்சம் சிரித்துக்கொள்ளுங்கள். சியர் விழுந்ததிலிருந்து பிரைமர் (தோட்டாவின் அடியில் தட்டினால் பற்றிக்கொள்ளும் பகுதி) தட்டப்படும் வரையிலான அந்த 2, 3 மில்லிவினாடி, ஃபயரிங் பின்னின் எடையையும் அதன் ஸ்பிரிங்கையும் பொறுத்தது. டிரிகருக்கு அதில் பங்கு சொற்பம்.

இப்போது கிராமுக்கு வருவோம். டிரிகர் அளவுகோலால் ஒரு தடவை அளந்துவிட்டுப் பேசாதீர்கள். பத்துத் தடவை அளந்து எழுதுங்கள். சராசரியை விட, மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 880-க்கும் 920-க்கும் இடையிலேயே நிற்கும் டிரிகர், 400-க்கும் 600-க்கும் இடையில் அலையும் டிரிகரைவிட எவ்வளவோ மேல். விரல் எடையைப் பழகிக்கொள்ளும். மாறிக்கொண்டே இருப்பதைப் பழகவே முடியாது. சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிகளில் 300 மீட்டர் ஸ்டாண்டர்ட் ரைஃபிளுக்குக் குறைந்தபட்சம் 1500 கிராம் இருக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டுதான் உலகத் தரத்தில் சுடுகிறார்கள்.

மறுபக்கம், மேசையில் ரைஃபிளை வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்கள் 2 அவுன்ஸ், அதாவது 60 கிராமுக்கும் குறைவான டிரிகரில் சுடுகிறார்கள். அது அவர்களுக்குச் சரி. ரைஃபிள் மணல்பைகளின் மேல் அசையாமல் கிடக்கிறது, உடம்பு ஏறக்குறைய அதைத் தொடுவதே இல்லை, விரல்நுனி மட்டும் வேலை செய்கிறது. நீங்கள் அப்படிச் சுடவில்லை. இரும்புத் தட்டு என்கிறீர்கள். என்றாவது ஒரு நாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, ஒரு தடுப்புக் கட்டையின் மேல் ரைஃபிளைச் சாய்த்துச் சுடத்தான் போகிறீர்கள். நானும் ஒரு காலத்தில் 250 கிராமில் வைத்திருந்தேன். ஒரு குளிர்காலைப் போட்டியில், விரல் மரத்துப் போயிருந்தபோது, டிரிகரைத் தொட்டேனா இல்லையா என்று யோசிப்பதற்குள் குண்டு போய்விட்டது. குழல் இலக்குத் திசையிலேயே இருந்ததால் போனது ஒரு புள்ளி மட்டும்தான். அன்று சாயங்காலமே திருகை ஏற்றி 800-க்குக் கொண்டுவந்தேன், இன்றுவரை இறக்கவில்லை.

வாங்கும்போது இன்னொன்று: உங்களுக்கு வேண்டிய எடை, அந்த டிரிகரின் அனுசரிப்பு வரம்புக்கு நடுவில் எங்காவது விழ வேண்டும். டிரிகர்டெக்கின் பிரைமரி சுமார் 680 கிராமிலிருந்து 1.8 கிலோ வரை, ஸ்பெஷல் 450 கிராமிலிருந்து 1.6 கிலோ வரை, டயமண்ட் 115 கிராமிலிருந்து 900 கிராம் வரை. 800 கிராம் வேண்டுமென்றால் ஸ்பெஷல் இயல்பாகப் பொருந்துகிறது. விலை கூடிய டயமண்டை வாங்கி அதன் உச்சியில் ஓட்டுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. டிம்னியின் கால்வின் எலைட் சுமார் 225 கிராமிலிருந்து 1.1 கிலோ வரை. மாற்றிக்கொள்ளக்கூடிய முகப்புகளோடு வருவதால், தட்டையா வளைவா என்ற குழப்பத்தில் இருப்பவருக்கு அது வசதி.

அந்தக் குழப்பம் உண்மையில் சின்னது. வளைந்த முகப்பு விரலை எப்போதும் ஒரே இடத்தில் உட்கார வைக்கும். தட்டை முகப்பில் விரலை மேலே கீழே நகர்த்தலாம். கீழே போகப் போக நெம்புகோல் நீளம் கூடுவதால் எடை குறைந்ததுபோல் தோன்றும். அதனால் தட்டையை எடுத்தால் விரல் வைக்கும் உயரத்தைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கை பெரியவர்களுக்கும் கையுறை போடுகிறவர்களுக்கும் தட்டை பிடிக்கிறது. எது எடுத்தாலும் விரல்நுனியின் சதைப்பகுதி முகப்பில் படிந்து, நேர் பின்னால் இழுக்க வேண்டும். அதற்குக் கட்டையின் நீளமும் கைப்பிடியும் ஒத்துழைக்க வேண்டும். அது சரியில்லையென்றால் எந்த முகப்பும் காப்பாற்றாது.

சிங்கிளா டூவா என்பது கொஞ்சம் பெரிய கேள்வி. டூ ஸ்டேஜில் முதல் பகுதி லேசாகப் பின்னால் வந்து, ஒரு இடத்தில் தட்டி நிற்கும். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் அழுத்தினால் விடுபடும். மொத்த எடை இரண்டுக்கும் பங்கு பிரிவதால், கடைசி அழுத்தம் மிக லேசாக இருக்கும், ஆனால் டிரிகர் மொத்தத்தில் லேசானதல்ல. நின்றுகொண்டு சுடுகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம், ஐ.எஸ்.எஸ்.எஃப். ரைஃபிள் உலகம் பெரும்பாலும் டூ ஸ்டேஜில்தான் ஓடுகிறது. படுத்துக்கொண்டு, ரைஃபிள் தானாக நிற்கும்போது, தட்டி நிற்கும் இடத்தைத் தேடுவதே ஒரு கூடுதல் வேலை. அவசரத்தில் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும் ஆபத்தும் உண்டு. உங்கள் கை ஏற்கெனவே சிங்கிள் ஸ்டேஜில் பழகியது. அதனால்தான் சிங்கிள் என்றேன். ஏர் ரைஃபிளிலோ .22-லோ டூ ஸ்டேஜில் வருடக்கணக்கில் சுட்டவர் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

பொருத்தம் பார்க்காமல் ஆர்டர் போட்டுவிட்டு அவஸ்தைப்படுகிறவர்கள் நிறையப் பேர். 'ரெமிங்டன் 700 வகை' என்பது ஒரே அச்சு என்று நினைக்காதீர்கள். அசல் 700-இல் போல்ட்டை வெளியே எடுக்க அழுத்தும் நெம்பு டிரிகரோடு சேர்ந்தே இருக்கிறது. தனிப்பட்ட தயாரிப்பாளர்களின் பல ஆக்‌ஷன்களில் அது ரிசீவரின் இடப்பக்கம் தனியாக இருக்கும். முதல் வகைக்கு அந்த நெம்புள்ள டிரிகர் வேண்டும், இரண்டாவது வகைக்கு இல்லாதது. அப்புறம் சேஃப்டி. போட்டி டிரிகர்கள் சில சேஃப்டி இல்லாமலேயே வருகின்றன. உங்களுக்கு உள்ளதை வாங்குங்கள். கட்டையின் உள்வெட்டில் டிரிகர் பெட்டியும் சேஃப்டி நெம்பும் எங்கும் இடிக்கக் கூடாது. இடித்தால் கட்டையைச் செதுக்கலாம், டிரிகரைச் செதுக்கக் கூடாது. கடைசியாக, சியரின் உயரம் டிரிகருக்கு டிரிகர் மயிரிழை மாறும். அது பின்னைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பிடித்தால் பாயும் தூரம் குறைந்து பிரைமர் லேசாகத் தட்டுப்படும். பின்னால் பிடித்தால் போல்ட்டை மூடுவது கனக்கும். மாற்றிய பிறகு போல்ட் திடீரென்று முரண்டு பிடித்தால் உங்கள் கை பலவீனமாகிவிட்டதென்று நினைக்காதீர்கள்.

மாட்டும் வேலை இரண்டு பின்களைத் தட்டி எடுத்துத் திரும்ப மாட்டுவதுதான். கண்ணுக்குத் தெரியாமல் பறந்துபோகும் ஒரு சின்ன ஸ்பிரிங் உண்டு, விரிப்பு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். கை நடுங்கினால், அல்லது நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டமோ உத்தரவாதமோ தடுத்தால், துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். கம்பெனி டிரிகரையே பிரித்துச் சியரை எமரி போட்டுத் தேய்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். விளிம்புகளின் மேல் கடினப்படுத்திய தோல் மெல்லியது. அது தேய்ந்துவிட்டால் முதல் வாரம் வெண்ணெய்போல் இருக்கும், அப்புறம் எப்போது விழும் என்று தெரியாது.

மாட்டியதும் தோட்டா பக்கத்திலேயே இல்லாமல் சோதனை. போல்ட்டை இருபது தடவை ஓங்கி மூடுங்கள். ஒரு தடவைகூட ஃபயரிங் பின் விழக்கூடாது. சேஃப்டி போடாத நிலையில் கட்டையின் அடிப்பக்கத்தை ரப்பர் விரிப்பில் தட்டுங்கள், பக்கங்களை ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். சேஃப்டியைப் போட்டு டிரிகரை அழுத்தமாக இழுத்து விடுங்கள், பிறகு சேஃப்டியை எடுங்கள்: ஒன்றும் நடக்கக் கூடாது. ஒரே ஒரு முறை தவறினாலும் எடையை ஏற்றுங்கள். அப்போதும் தவறினால் டிரிகரைத் திருப்பி அனுப்புங்கள். சியர் பிடிமானத் திருகு என்று ஒன்று இருந்து, அதைத் தயாரிப்பாளர் அரக்கு வைத்து மூடியிருந்தால் அதைத் தொடாதீர்கள். நீங்கள் திருப்பிய திருகைப் பூட்ட ஒரு துளி பசை போதும். 2014-இல் ரெமிங்டன், 2006 முதல் செய்த எக்ஸ்-மார்க் ப்ரோ டிரிகர்களைத் திரும்ப அழைத்தது. காரணம், கோர்க்கும்போது சிலவற்றில் அதிகப்படியாகப் போன பசை. இழுக்காமலே சுடும் அபாயம் அதனால் வந்தது.

எண்ணெய்க்கும் இதே எச்சரிக்கை. டிரிகருக்குள் எண்ணெய் விட்டால் தூசியோடு சேர்ந்து கோந்தாகும், குளிரில் இறுகும். பேரலைச் சுத்தம் செய்யும்போது திரவம் பின்னால் ஒழுகி உள்ளே இறங்காமல், குழல்முனை தாழ்ந்திருக்கட்டும், பின்பக்கம் வழிகாட்டிக் குழாய் மாட்டியிருக்கட்டும். அழுக்குச் சேர்ந்துவிட்டால் லைட்டர் திரவம் ஊற்றி அலசி, நன்றாக உலரவிட்டு, அப்படியே காய்ந்தபடி வைத்திருங்கள். நெருப்பு பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

கட்டையைக் கழற்றி மாட்டியிருப்பதால் ஆக்‌ஷன் திருகுகளைப் பழைய முறுக்கத்துக்கே இறுக்கி, ஜீரோவை, அதாவது குறுக்குக்கோடு காட்டும் இடத்திலேயே குண்டு படுகிறதா என்பதை, சரிபாருங்கள். பிறகு தினமும் இருபது முப்பது முறை வெற்று டிரிகர் இழுத்து இரண்டு வாரம் ஓட்டுங்கள். அதற்குள் எடையை மாற்ற வேண்டாம். பழைய டிரிகரை அதன் பின்களோடும் ஸ்பிரிங்கோடும் ஒரு பையில் போட்டு, எந்த ரைஃபிளுடையது என்று எழுதி வையுங்கள். போட்டிக்கு முதல்நாள் புது டிரிகர் சண்டித்தனம் செய்தால் அந்தப் பைதான் கைகொடுக்கும்.